தென்காசியா, அம்பையா? தெற்கே மூன்று நாள் தங்க ஒரு சின்ன ஊர்

"பெரிய ஊர் வேண்டாம், மலை மேலேயும் வேண்டாம். வயல், ஆறு, ஒரு பழைய கோயில், நல்ல சாப்பாடு. மூன்று நாள் போதும்." நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் என்று தெரிந்ததும் சென்னையில் பலர் என்னிடம் கேட்பது இதுதான். கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "பேசாமல் குற்றாலத்துக்கே போயிடலாமா?"

போகலாம். ஆனால் எந்த மாதம் என்று சொல்லாமல் குற்றாலம் போகலாமா என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மார்ச் மாதம் பேரருவிக்குப் போய், காய்ந்த பாறையின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிய குடும்பங்கள் ஏராளம்.

பொதிகை மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. வடக்கே தென்காசி, தெற்கே அம்பாசமுத்திரம். எங்கள் ஆட்கள் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, அம்பை என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் மேற்கே அதே மலைதான். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயில் இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். தங்கிப் பார்த்தால் வேறு வேறு ஊர்கள்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சேரன்மகாதேவிப் பக்கம். அதனால் அம்பைக்குத்தான் என் ஓட்டு. ஆனாலும் வருஷத்தில் மூன்று, மூன்றரை மாதம் "தென்காசிக்குப் போங்க" என்று நானே சொல்லி அனுப்புவேன். காரணம் தண்ணீர்.

எந்த மாதம் எங்கே தண்ணீர்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டும்போது, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தமிழ்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும். மேகத்தை மலை மறித்துவிடும். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு பக்கம், மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. காற்றும் ஈரமும் அந்த வழியாக இந்தப் பக்கம் தப்பி வந்துவிடும். அதனால்தான் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம், இலஞ்சி, பண்பொழி என்று ஒரு சின்ன வட்டாரத்துக்கு மட்டும் அந்த மாதங்களில் சாரல். மழை என்று சொல்ல முடியாது. சட்டை முழுக்க நனையாது, ஆனால் கொடியில் போட்ட துணி நாள் முழுக்கக் காயாது. வெயில் அடிக்கும்போதே தூறும். பக்கத்து மாவட்டங்கள் அனலில் கிடக்கும்போது இங்கே ஸ்வெட்டர் தேடுவார்கள்.

இது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நல்ல வருஷமாக இருந்தால் செப்டம்பர் பாதி வரை. அப்புறம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைக்கு அருவிகளில் மறுபடியும் தண்ணீர் வரும். ஆனால் அது வெள்ளமாக வரும் தண்ணீர். "பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை" என்று பேப்பரில் படிப்பீர்களே, அது. மூன்று நாள் லீவு போட்டு வந்து மூன்று நாளும் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். தை தாண்டினால் தண்ணீர் நூலாகிவிடும்.

அம்பைப் பக்கம் கணக்கு வேறு. அங்கே தாமிரபரணி ஓடுகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறு. மேலே காரையாறு, சேர்வலாறு என்று அணைகள். மின்சாரத்துக்கும், பாசனத்துக்கும், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீருக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், பாபநாசத்தில் அகஸ்தியர் அருவி வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் விழுந்துகொண்டே இருக்கும். குற்றாலம் காய்ந்து கிடக்கும் பிப்ரவரியில்கூட இங்கே தலையைக் கொடுத்துவிட்டு வரலாம். 1958-ல் காமராஜர் காலத்தில் கட்டிய மணிமுத்தாறு அணை பக்கத்தில் இருக்கிறது. அது முக்கியமாக வடகிழக்குப் பருவமழையை நம்பியது. அதனால் கார்த்திகைக்கு மேல்தான் அது பார்க்கும்படி இருக்கும்.

வயலும் அப்படித்தான். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். கார் ஜூனில் தொடங்கும், பிசானம் ஐப்பசி வாக்கில் நடவாகி மாசி, பங்குனியில் அறுவடை. கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை வேண்டும் என்றால் டிசம்பர், ஜனவரியில் அம்பைக்கு வாருங்கள். மலை வரைக்கும் நெல்தான். அம்பையில் 1937-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அம்பை 16 என்கிற குண்டு ரகம் அங்கே வந்ததுதான். உங்கள் வீட்டு இட்லி மாவில் அது இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏப்ரல், மே மாதங்களை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டேன். இரண்டு ஊரிலும் வெயில் மண்டையைப் பிளக்கும், வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும், பள்ளி லீவுக் கூட்டம் வேறு. சித்திரை விஷுவுக்குப் பாபநாசத்தில் அகத்தியருக்குத் திருமணக் காட்சி கொடுக்கும் விழா நடக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் வரட்டும்.

தென்காசியில் தங்கினால்

தென்காசி இப்போது மாவட்டத் தலைநகர். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரித்தார்கள். அதற்குப் பிறகு ஊருக்குள் நெரிசல் கூடிவிட்டது. சின்ன ஊர் என்று நினைத்து வந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். காசி விசுவநாதர் கோயில் கோபுரம் மட்டும் எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். கோபுரம் பின்னாளில் இடி விழுந்து பிளந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1990-ல்தான் முழுதாக எழுந்தது. சுமார் 180 அடி. இந்தக் கோயிலை இனி வரும் காலத்தில் பழுது பார்த்துக் காப்பவர்களை அடி பணிகிறேன் என்று அந்தப் பாண்டியன் கல்வெட்டில் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறான். சீசனில் அந்தக் கோபுர வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். உள்ளே போகும்போது காற்று எதிரே வந்து நெஞ்சில் தள்ளும். வேட்டி கட்டியவர்கள் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். கோயிலைப் பற்றி எதுவும் தெரியாத குழந்தைகளுக்குக்கூட இந்தக் காற்று மறக்காது.

குற்றாலம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று ஒன்றில் கூட்டமாக இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். பேரருவி மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற ஆழமான பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தக் குழி இல்லையென்றால் யாரும் அதன் அடியில் நிற்க முடியாது. எண்ணெய், சோப்பு, ஷாம்புவுக்குத் தடை இருக்கிறது. நல்லது. முன்பெல்லாம் அருவிக்கரை முழுக்க எண்ணெய் வழுக்கும்.

சீசன் ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். வண்டி நிறுத்த இடம் தேடவே ஒரு மணி நேரம் ஆகும், அருவியில் முழுசாக ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாது. போலீஸ் விசில் ஊதி நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். செவ்வாய், புதன் காலை ஆறு மணிக்குப் போங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் மலையில் பெய்த மழை சில நிமிஷத்தில் கீழே வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். காவலர் வெளியே வரச் சொன்னால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

அருவியைத் தாண்டியும் தென்காசிப் பக்கம் விஷயம் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம், ஆய்க்குடி பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். சினிமாக்காரர்கள் பல காலமாக வரும் இடம். இப்போது கேமராவோடு எல்லாரும் வருகிறார்கள். வரப்போடு நின்று எடுங்கள். உள்ளே மிதித்து இறங்கினால் விவசாயி சத்தம் போடுவார், போடத்தான் செய்வார். குற்றாலக் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான் குவிந்திருக்கும். செங்கோட்டையை ஒட்டி, பழைய திருவிதாங்கூர் எல்லையான பிரானூரில் 'பார்டர் பரோட்டா' என்று பேர் வாங்கிய கடைகள், நாட்டுக்கோழியோடு. அசைவக்காரர்களுக்கு இந்த ஒரு காரணமே தென்காசியைத் தேர்ந்தெடுக்கப் போதும். அம்பையில் அதற்கு ஈடாக எதுவும் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செங்கோட்டை எட்டு கிலோமீட்டர்தான். ஆஷ் துரையை 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் சுட்ட வாஞ்சிநாதனின் ஊர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால் நுழைவாயில் வளைவில் அந்தச் சமஸ்தானத்துச் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. அங்கிருந்து புனலூருக்குப் போகும் ரயில் பாதையை விட்டுவிடாதீர்கள். 1904-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, அகலப்படுத்தி 2018-ல் திறந்தார்கள். குகைகள், காடு, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். பகலில் போகும் வண்டி எது என்று நேரம் பார்த்து ஏறுங்கள். இருட்டில் போனால் ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

ஆக, தென்காசியில் பார்க்க வேண்டிய இடங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் மாலை நாலு மணிக்கு எங்கும் போகாமல் சும்மா இருக்கலாம் என்று நினைத்தால், லாட்ஜ் அறையும் டீக்கடையும்தான். சிற்றாறு இருக்கிறது, ஆனால் ஊருக்குள் அது குளிக்கிற நிலையில் இல்லை. எங்கே போனாலும் ஆட்டோவோ காரோ பிடிக்க வேண்டும்.

அம்பையில் தங்கினால்

அம்பையில் ஆறு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிது. சின்ன ஊரில் தங்குவது என்றால் வேலையில்லாத நேரத்துக்கு ஓர் இடம் வேண்டும். சாயங்காலம் ஆனால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு நடக்கிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். காசிநாதர் கோயில் பக்கம் படித்துறையில் உட்கார்ந்தால் எதிர்க்கரை கல்லிடைக்குறிச்சி. கொஞ்ச நேரத்தில் செங்கோட்டை வண்டி பாலத்தில் ஏறும் சத்தம் கேட்கும். யாரும் உங்களை எதுவும் கேட்கமாட்டார்கள். அல்லது "எந்த ஊரு? யார் வீட்டுக்கு வந்திருக்கீய?" என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரம் பேசுவார்கள்.

இறங்கிக் குளிக்கலாம், ஆனால் ஊர்க்காரர் யாராவது குளிக்கிற இடத்தில் மட்டும். கசம் என்று நாங்கள் சொல்லும் ஆழமான இடங்கள் மேலே பார்த்தால் தெரியாது, தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும். நீச்சல் குளத்தில் பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்வது.

பாலத்தைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர். தாமிரபரணித் தண்ணீரில் மாவு பிசைவதால்தான் அந்த ருசி என்று அவர்கள் சொல்வார்கள், மறுத்துப் பேசாதீர்கள். முத்துசுவாமி தீட்சிதர் பாடிய ஆதிவராகர் கோயில் இங்கேதான். குலசேகரமுடையார் கோயில் நடராஜர் சிலை 1982-ல் திருடுபோய், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்து, 2019-ல் திரும்பி வந்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் ஊரே பேசிய பேச்சு அதுதான். அக்கிரகாரத் தெருக்களில் பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கும், மீதி வீட்டுத் திண்ணைகளில் பாட்டிமார்கள் இருப்பார்கள். வெயில் தாழ நடந்து பார்க்க நல்ல தெருக்கள்.

அம்பையிலிருந்து பாபநாசம் பத்து கிலோமீட்டருக்குள். வழியில் விக்கிரமசிங்கபுரம், ஹார்வி கம்பெனி 19-ம் நூற்றாண்டிலேயே ஆற்றின் தண்ணீரை நம்பி நூல் மில் போட்ட இடம். பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. பொரி போட்டால் கைக்கே வந்து மொய்க்கும். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். ஒரு குறை சொல்ல வேண்டும். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிற பழக்கத்தால் படித்துறை ஓரம் பழந்துணி மிதக்கும். இதைப் பார்த்து முகம் சுளித்தால் தப்பில்லை. கொஞ்சம் மேலே அகஸ்தியர் அருவிக்குப் போனால் தண்ணீர் சுத்தம்.

அதற்கு மேல் காடு. களக்காடு முண்டந்துறை, 1988-ல் அறிவித்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சோதனைச்சாவடியில் பை, பாட்டில் எல்லாம் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில் வரை போய் வரலாம். ஆடி அமாவாசைக்கு அங்கே லட்சக்கணக்கில் கூட்டம் கூடும், அந்த வாரம் வேறு திட்டம் எதுவும் போடாதீர்கள். புலிகள் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் மூடிவிடுவார்கள். பாணதீர்த்தம் அருவிக்குப் படகில் போனோம் என்று உங்கள் சித்தப்பா சொல்லியிருப்பார். அதை நம்பிக் கிளம்ப வேண்டாம், அந்தக் காலம் வேறு.

மாஞ்சோலையைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மணிமுத்தாறு அருவியைத் தாண்டி மலையேறினால் தேயிலைத் தோட்டம், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று. வனத்துறை அனுமதி இல்லாமல் சுற்றுலா வண்டி ஏற முடியாது, கட்டுப்பாடுகளும் அடிக்கடி மாறும். அம்பைக்கு வந்த பிறகு விசாரித்துக்கொள்வதுதான் சரி. அதை மட்டும் நம்பி அம்பைக்குப் பயணம் போடாதீர்கள். அதோடு, அது வெறும் பனியும் தேயிலையுமான இடம் இல்லை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் ஒரு தனியார் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காட்டில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தவர்கள் வாழ்ந்த இடம். 1999 ஜூலை 23-ல் அவர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடியால் ஆற்றில் இறங்கிய 17 பேர் இறந்தார்கள். 2028-ல் முடியும் குத்தகையை முன்னிட்டு 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள். போட்டோ எடுக்க மட்டும் மேலே போகிறவர்களிடம் இதைச் சொல்லிவைப்பது என் வழக்கம்.

எனக்குக் கேட்டால் மலையைவிட, அம்பைக்குக் கிழக்கே இருக்கிற சமவெளிதான் தங்கிப் பார்க்க வேண்டியது. திருப்புடைமருதூர் என்று ஒரு ஊர், கடனாநதி வந்து தாமிரபரணியில் சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில். மூலவர் லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கருவூர்ச் சித்தர் ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரையில் நின்றபடி கூப்பிட்டபோது, காது கொடுத்துக் கேட்கச் சாய்ந்தாராம். கதை இருக்கட்டும். ராஜகோபுரத்துக்கு உள்ளே ஏறினால் ஐந்து நிலையிலும் சுவர் முழுக்க ஓவியம், மரத் தூண்களில் பொடிப்பொடியாகச் செதுக்கல். ஒரு சுவரில் குதிரைகளை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல் இருக்கிறது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி உள்ளே, ஒரு கோபுரத்தின் இருட்டில், குதிரை வியாபாரக் கப்பல். வழக்கமாகப் பூட்டியிருக்கும். கோயில் அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுத்தான் பார்க்க முடியும். ஏறும் படி குறுகல், முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே இருந்துவிடலாம். கோயிலைச் சுற்றி மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும். 2005-ல் அந்த ஊரைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள், ஊர்க்காரர்களும் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை.

இன்னும் கிழக்கே சேரன்மகாதேவி தாண்டிப் பத்தமடை. கோரைப்பாய். கோரையை வெட்டிக் காயவைத்து, கிழித்து, கட்டாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துச் சாயம் ஏற்றி நெய்கிறார்கள். மட்ட ரகப் பாய் சீக்கிரம் ஆகிவிடும். பட்டுப்பாய் என்று சொல்லும் நைசு ரகத்துக்கு வாரக் கணக்கில் ஆகும். கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பேரை நெய்து தருவார்கள். பேர் எழுத்தை நெய்யும்போது அந்தப் பெண்கள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அப்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது, ஒரு நூல் தவறினால் எழுத்தே மாறிவிடும். விரலால் தடவிப் பாருங்கள், துணியா புல்லா என்று தெரியாது. விலையில் பேரம் பேச மனசு வராது. காருகுறிச்சி பக்கத்தில்தான், நாகஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர், மண்பானைக்கும் பேர்போனது. வீரவநல்லூர்த் தறிச்சத்தமும் வழியிலேயே கேட்கும்.

இவ்வளவுக்கும் கார் வேண்டும் என்றில்லை. இந்த ஊர்கள் பெரும்பாலும் ஒரே சாலையில் கோத்த மாதிரி இருக்கின்றன. டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கியே பார்த்துவிடலாம். திருப்புடைமருதூருக்கு மட்டும் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள்.

அம்பையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தங்கும் இடங்கள் குறைவு, இருப்பவையும் சாதாரண லாட்ஜுகள்தான். இரவு ஒன்பதரைக்கு மேல் சாப்பாட்டுக்கு அலைய வேண்டும். தேங்காய்ப்பாலில் வைக்கும் திருநெல்வேலிச் சொதி சாப்பிட ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு ஓட்டலில் அது எளிதில் கிடைக்காது, அது கல்யாண மறுவீட்டுச் சமையல். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போய்விடுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் இரண்டாம் நாளே "இங்கே வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

நடுவில் ஒரு யோசனை, விலகி ஒரு யோசனை

இரண்டுக்கும் நடுவே கடையம், ஆழ்வார்குறிச்சி. பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர் கடையம். 1918 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்து 1920 வரை பாரதி இங்கேதான் இருந்தார். ஊருக்கு மேற்கே நித்யகல்யாணி அம்மன் கோயில், ராமநதி அணை, ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே சிவசைலம், கடனாநதி அணை. கூட்டமே இல்லாத பகுதி. சொந்தக்காரர் வீடோ தெரிந்தவர் தோட்டமோ இருந்தால் மூன்று ஊரிலும் இதுதான் சிறந்தது. இல்லையென்றால் தங்க இடம் கிடைப்பது சிரமம், பகலில் வந்து போவதோடு சரி.

"திருநெல்வேலியிலேயே நல்ல ஓட்டலில் தங்கிக்கொண்டு தினமும் போய் வரலாமே" என்பவர்களும் உண்டு. வயசானவர்கள் கூட வந்தால், ஏசி, லிஃப்ட், பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அது நியாயம்தான். அம்பை முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல், தென்காசி ஐம்பதுக்கு மேல். ஆனால் காலை ஆறு மணியையும் மாலை ஆறு மணியையும் சாலையில் தொலைத்துவிடுவீர்கள். கிராமப்புறத்தில் பார்க்கத் தகுந்த நேரமே அந்த இரண்டும்தான்.

யாருக்கு எது

ஜூலை மாதம், பிள்ளைகளோடு, அருவியில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், தென்காசி. குற்றாலத்துக்குள்ளேயே அறை எடுக்காதீர்கள். சீசனில் வாடகை ஏறிக்கிடக்கும், இரவு முழுக்கச் சத்தம். தென்காசியிலோ இலஞ்சியிலோ செங்கோட்டையிலோ எடுங்கள். வார நாளாகப் பாருங்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை என்றால் அம்பை. அதிலும் நவம்பர், டிசம்பரில் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் இந்த மாவட்டங்களே ரயிலும் சாலையும் அறுந்து தனித்துப் போயின. என்னைக் கேட்டால் பொங்கல் கழிந்த இரண்டு வாரம்தான் சரியான நேரம். மழை ஓய்ந்து, ஆற்றில் தெளிந்த தண்ணீர், வயலில் கதிர், காலையில் லேசான குளிர்.

கணவன் மனைவி மட்டும், அல்லது தனியாக ஒரு புத்தகத்தோடு வருகிறவர்கள், ஏப்ரல், மே தவிர, மாதம் எதுவானாலும் அம்பைக்கே வரலாம். நண்பர்கள் கூட்டமாக, கார் எடுத்துக்கொண்டு, கேரளா பக்கமும் ஒரு எட்டுப் போக வேண்டும், பரோட்டா வேண்டும் என்றால் தென்காசி. அம்பையில் அவர்களுக்குப் பொழுதும் போகாது, அவர்கள் ஸ்பீக்கர் வைப்பது ஆற்றங்கரையில் எங்களுக்கும் பிடிக்காது.

இரண்டையும் பாதிப்பாதி வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். மூன்று நாளில் அறை மாற்றுவது வீண் வேலை. அம்பையில் தங்கிக்கொண்டு ஒரு நாள் காலை ரயிலில் தென்காசி போய், கோயில் பார்த்து, சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலில் திரும்புவது சுலபம். கட்டணமும் ஒரு டீ வடைக் காசுதான். தென்காசியில் தங்கிக்கொண்டு அம்பையை இப்படி ஒரு நாளில் பார்க்க முடியாதா என்றால், முடியும். பாபநாசம் மட்டும் பார்க்கலாம், படித்துறையும் பத்தமடையும் விட்டுப்போகும்.

போக்குவரத்துக்குத் தென்காசிதான் வசதி. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் மதுரை, ராஜபாளையம் வழியாகத் தென்காசி வந்துவிடும். அம்பைக்கு நேராக வருவது தாம்பரம் – செங்கோட்டை வண்டி. வாரத்தில் சில நாட்கள்தான், திருவாரூர், காரைக்குடி என்று சுற்றி வரும். அது கிடைக்காவிட்டால் நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து செங்கோட்டைப் பயணிகள் ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். ஆற்றை ஒட்டி வரும் அந்த ஒரு மணி நேரத்துக்கு இடது பக்க ஜன்னல் கிடைத்தால் மலை தெரியும். பொங்கல் வாரத்துக்கு என்றால் முன்பதிவு திறக்கிற அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுங்கள். போகும் டிக்கெட்டைவிட திரும்பும் டிக்கெட்டைத்தான் முதலில் பாருங்கள். ஊருக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் அதே வண்டியில்தான் சென்னைக்குத் திரும்புவார்கள்.